டூட்டி ஃப்ரீயில் வாங்கினால் வரி கிடையாதா?

கேள்வி: நானும் கணவரும் எங்கள் 12 வயது மகனும் அடுத்த மாதம் முதன்முறையாக வெளிநாடு போகிறோம். வழியில் ஓரிடத்தில் விமானம் மாற வேண்டும். நாங்கள் போகும் நாட்டில் குடியிருக்கும் என் அண்ணன், “டூட்டி ஃப்ரீ கடையில் இரண்டு லிட்டர் விஸ்கியும் ஒரு கார்ட்டன் சிகரெட்டும் வாங்கி வா, பணத்தை வந்ததும் தந்துவிடுகிறேன்” என்கிறார். டூட்டி ஃப்ரீ என்றாலே வரி கிடையாது, யாரும் கேட்க மாட்டார்கள் என்பது கணவரின் வாதம். அண்ணிக்குப் பரிசாக ஒரு புதிய கைக்கடிகாரமும் எடுத்துப் போகிறோம். மூன்று பேரின் வரிச் சலுகையையும் சேர்த்தால் கடிகாரம் அதற்குள் அடங்கிவிடும் அல்லவா? கணவரின் பழைய கேமராவுக்குத் திரும்பி வரும்போது வரி கேட்பார்களோ என்றும் பயமாக இருக்கிறது. சுங்கச் சோதனையில் நாங்கள் போக வேண்டியது பச்சை வழியா, சிவப்பு வழியா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் எல்லாவற்றையும் எழுதிவிட்டு எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள். அந்தப் பெயர் தெரிந்திருந்தால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன். பயணிகளின் பெட்டிகளைத் திறந்து பார்க்கும் சுங்க மேசைக்குப் பின்னால் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றவன் நான். அந்த மேசைக்கு முன்னால் வந்து தவித்தவர்களில் பெரும்பாலோர் கடத்தல்காரர்கள் அல்லர். வீட்டிலோ அலுவலகத்திலோ யாரோ சொன்னதை நம்பி வந்தவர்கள். அவர்கள் கேட்டு வந்த விதி பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு நாட்டின் விதியாக இருக்கும்.

முதலில் உங்கள் கணவரின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். அவர் சொல்வதில் பாதி உண்மை. எல்லை தாண்டும் ஒரு பாட்டில் விஸ்கிக்கு வரி கேட்கக்கூடிய நாடுகள் இரண்டு. ஒன்று அது விற்கப்படும் நாடு. மற்றொன்று அது போய்ச் சேரும் நாடு. விமான நிலையக் கடை தள்ளுபடி செய்வது முதல் நாட்டின் வரியை மட்டும்தான். இந்தப் பொருள் நம் நாட்டுக்குள் குடிக்கப்படப் போவதில்லை, வெளியே போகிறது, ஆகவே ஏற்றுமதி மாதிரி என்பது அதன் கணக்கு. உலகின் முதல் விமான நிலைய டூட்டி ஃப்ரீ கடை 1947-ல் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் திறக்கப்பட்டபோதும் காரணம் இதுதான். அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருளுக்காக அங்கே இறங்கும். இறங்கிய பயணிகள் அயர்லாந்துக்குள் நுழைந்தவர்கள் அல்லர், கடந்து போகிறவர்கள். அவர்களிடம் அயர்லாந்து வரி வாங்க வேண்டியதில்லை. அந்த விஸ்கி இறங்கப்போகும் இன்னொரு நாட்டின் வரியைப் பற்றி ஷானன் கடைக்காரர் வாக்குக் கொடுக்க முடியுமா? அன்றும் முடியாது, இன்றும் முடியாது. கடையில் போர்டிங் பாஸைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு விற்பதற்காகத்தான். போன இடத்தில் வரி இருக்காது என்ற உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது நாடும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. ‘இவ்வளவு வரை கொண்டுவந்தால் வரி கேட்க மாட்டோம்’ என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதுதான் சலுகை வரம்பு. டூட்டி ஃப்ரீ கடையில் வாங்கினாலும், தெருமுனைக் கடையில் முழு வரி கொடுத்து வாங்கினாலும், யாரோ இலவசமாகத் தந்தாலும், எல்லாம் அந்த ஒரே வரம்புக்குள்தான் எண்ணப்படும்.

இப்போது உங்கள் அண்ணன் கேட்ட கார்ட்டனைப் பார்ப்போம். ஒரு கார்ட்டனில் 200 சிகரெட். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விமானத்தில் வருகிறவருக்கு 200 சிகரெட் வரை வரியில்லை. ஜப்பானிலும் 200. அதே கார்ட்டனோடு நியூசிலாந்தில் இறங்கினால் 50-க்குத்தான் சலுகை. ஆஸ்திரேலியாவில் 25, அதோடு பிரித்து வைத்திருக்கும் ஒரு பாக்கெட். ஹாங்காங்கில் 19. சிங்கப்பூரில் ஒரு சிகரெட்டுக்குக்கூடச் சலுகை கிடையாது, கையில் இருக்கும் ஒவ்வொன்றையும் அறிவித்து வரி கட்ட வேண்டும். ஆக, நீங்கள் சொல்லாமல் விட்ட நாட்டின் பெயரைப் பொறுத்து உங்கள் கார்ட்டன் முழுக்கச் சரியாகவும் இருக்கலாம், முழுக்கத் தவறாகவும் இருக்கலாம்.

வரம்பைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் வரி என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் 2.25 லிட்டர் வரை மதுவுக்கு வரியில்லை. மூன்று லிட்டர் கொண்டுவந்தால் மிச்சமுள்ள முக்கால் லிட்டருக்கு அல்ல, மூன்று லிட்டருக்கும் வரி. பிரிட்டனிலும் ஏதாவது ஒரு பொருள் வகையில் வரம்பு மீறினால் அந்த வகையில் இருக்கும் எல்லாவற்றுக்கும் வரி போடுவார்கள். ‘ஒன்றுதானே கூடுதல்’ என்று கடைசி நிமிடத்தில் கூடையில் போடும் பாட்டில் இப்படித்தான் மற்றப் பாட்டில்களையும் சேர்த்துக் கெடுக்கும்.

விதியைப் படிக்கும்போது ‘அல்லது’ என்ற சொல்லில் மட்டும் கண்ணை வையுங்கள். என் மேசைக்கு முன்னால் நடந்த வாக்குவாதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு சொல்லால் வந்தவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இப்படிப் போகிறது: 22 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள மது ஒரு லிட்டர், அல்லது 22 விழுக்காட்டுக்குள் இருக்கும் போர்ட், ஷெர்ரி போன்ற ஒயின் வகைகள் இரண்டு லிட்டர். இவை தவிரச் சாதாரண ஒயின் நான்கு லிட்டர், பீர் 16 லிட்டர். முதல் இரண்டுக்கும் நடுவில் இருப்பது ‘அல்லது’. ஒயினுக்கும் பீருக்கும் முன்னால் இருப்பது ‘தவிர’. ஒரு லிட்டர் விஸ்கியையும் நான்கு லிட்டர் ஒயினையும் ஒருவரே கொண்டுவரலாம். ஒரு லிட்டர் விஸ்கியோடு இரண்டு லிட்டர் போர்ட்டைக் கொண்டுவர முடியாது. அரை லிட்டர் விஸ்கியும் ஒரு லிட்டர் போர்ட்டுமாகப் பாதிப் பாதி சேர்த்துக்கொள்ளலாம். புகையிலையும் அப்படியே: 200 சிகரெட் அல்லது 50 சுருட்டு. வேண்டுமானால் 100 சிகரெட்டோடு 25 சுருட்டு. ‘அல்லது’ என்பதை ‘மேலும்’ என்று படித்துவிட்டு இரண்டையும் முழு அளவில் அள்ளி வந்தவர்கள் கையில் அச்சிட்ட தாளை நீட்டி என்னோடு சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தத் தாளிலேயே அந்தச் சொல் இருக்கும்.

உங்கள் இரண்டு லிட்டர் விஸ்கிக்கு வருவோம். நீங்கள் ஒரு லிட்டர், கணவர் ஒரு லிட்டர் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தில் சரி. மகனுக்கு அங்கே மதுவிலும் புகையிலையிலும் பங்கு இல்லை. 17 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது. மற்றப் பல நாடுகளிலும் வயது வரம்பு 18 ஆகவோ, அமெரிக்காவில் இருப்பதுபோல் 21 ஆகவோ இருக்குமே தவிர, 12 வயதுப் பிள்ளையின் கணக்கில் பாட்டிலை எழுத எங்கும் இடமில்லை. அவன் பைக்குள் பாட்டிலை வைப்பதும் வேண்டாம். இன்னொன்று, வரும் வழியையும் சில நாடுகள் பார்க்கும். மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குள் வருகிறவருக்கு மதுச் சலுகை இல்லை. 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்துவிட்டுத் திரும்புகிறவருக்கும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது பாட்டில்களின் எண்ணிக்கை அல்ல. “பணத்தை வந்ததும் தந்துவிடுகிறேன்” என்ற அந்த வாக்கியம்தான். சலுகை என்பது பயணியின் சொந்த உபயோகத்துக்கு, அல்லது அவர் கொடுக்கும் பரிசுக்கு. பணம் வாங்கிக்கொண்டு கொடுப்பது பரிசு ஆகாது. பிரிட்டனில் இதை மிகத் தெளிவாகவே வைத்திருக்கிறார்கள். நீங்கள் செலவழித்த தொகையை மட்டும் திரும்பப் பெற்றாலும், லாபமே இல்லாவிட்டாலும், மதுவுக்கும் புகையிலைக்கும் சலுகை போய்விடும், பொருளும் பறிமுதல் ஆகலாம். அமெரிக்காவிலும் பிறருக்காக வாங்கி வரும் பொருள் உங்கள் சலுகையில் சேராது. அண்ணனுக்கு வாங்கித் தர வேண்டும் என்றால் உங்கள் செலவில் வாங்கிப் பரிசாகக் கொடுங்கள். அல்லது அவர் ஊரிலேயே அவர் வாங்கிக்கொள்ளட்டும். தங்கைதானே என்று கேட்கிறவருக்கு இதை எழுதிப் புரியவைப்பது கொஞ்சம் சங்கடம்தான்.

அண்ணனுக்கென்று யாராவது கொடுத்தனுப்பும் வேறு எதையும் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள், திரும்பும்போதும் யாருடைய பொட்டலத்தையும் அப்படியே பெட்டியில் போடாதீர்கள். உங்கள் பெட்டியில் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

கைக்கடிகாரம். இதில்தான் நீங்கள் கணக்குப் போட்ட விதம் தவறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு விமானத்திலோ கப்பலிலோ வருகிறவருக்கு மது, புகையிலை நீங்கலான மற்றப் பொருட்களுக்கு 430 யூரோ வரை சலுகை. தரை வழியாக வந்தால் 300. 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாடுகள் அதை 150 வரை குறைத்துக்கொள்ளலாம். இந்தத் தொகை ஒவ்வொருவருக்கும் தனித்தனி. ஒரே பொருளின் மதிப்பை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ள விதி இடம் தராது. கடிகாரம் 500 யூரோ என்றால் உங்கள் 430-ஐயும் கணவரின் 430-ஐயும் ஒட்டவைக்க முடியாது. 70 யூரோவுக்கு மட்டும் வரி என்பதும் இல்லை. முழு 500-க்கும் வரி. நல்ல செய்தி ஒன்றும் உண்டு: கடிகாரம் முழுதாக வரிக்குப் போய்விட்டால் உங்கள் 430 யூரோ அப்படியே மற்றப் பொருட்களுக்கு மிஞ்சி நிற்கும். பிரிட்டனிலும் இரண்டு பேரின் சலுகையை ஒட்டவைக்க முடியாது, அங்கே தொகை 390 பவுண்டு.

ஆஸ்திரேலியாவில் கதையே வேறு. பெரியவர்களுக்குத் தலைக்கு 900 டாலர், 18 வயதுக்குட்பட்டவருக்கு 450. சேர்ந்து வரும் குடும்பம் அவற்றை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் மூவருக்கும் 2,250 ஆஸ்திரேலிய டாலர், கடிகாரம் அதற்குள் அடங்கினால் பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் 800 டாலர் என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது அங்கே குடியிருப்பவர் வெளியே போய்த் திரும்பும்போது. விருந்தாளியாகப் போகிறவருக்குப் பரிசுப் பொருட்களுக்கு 100 டாலர்தான், அதுவும் 72 மணி நேரமாவது தங்கினால். யாராவது ஒரு தொகையைச் சொன்னால், அது குடியிருப்பவருக்கா விருந்தாளிக்கா என்று திருப்பிக் கேளுங்கள்.

பரிசு என்பதால் மதிப்பு பூஜ்யம் ஆகிவிடாது. பில்லைக் கிழித்துப் போட்டாலும் ஆகாது. பில் இல்லாவிட்டால் சந்தை மதிப்பை அதிகாரி தாமே போட்டுக்கொள்வார், அது நீங்கள் கொடுத்த விலையைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம்.

இது தொடர்பாக ஒரு மனிதர் நினைவுக்கு வருகிறார். அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் வந்தார், மணிக்கட்டில் கடிகாரம். வலது கையால் இடது மணிக்கட்டை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். பத்து ஆண்டுகளாகக் கட்டும் கடிகாரம் என்றார். கழற்றித் தரச் சொன்னேன். பின்மூடியில் தொழிற்சாலையில் ஒட்டிய நீலநிற பிளாஸ்டிக் தாள் ஒரு மூலைகூடச் சுருங்காமல் இருந்தது. உத்தரவாத அட்டை சவரப் பெட்டிக்குள், பிளேடு உறைக்கு அடியில் நான்காக மடிந்து கிடந்தது. அதில் முந்தைய நாள் தேதி. அறிவிக்க வேண்டிய பொருள் இருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் வந்து அட்டையை மேசையில் வைத்திருந்தால் வரியைக் கட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் போயிருப்பார். அன்று அவர் வரியோடு அபராதமும் கட்டினார். வெளியே காத்திருந்த குடும்பம் மூன்று மணி நேரம் நின்றது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு இதிலேயே பதில் வந்துவிட்டது. பச்சை வழியில் நடப்பதே ஓர் அறிவிப்பு. வாயைத் திறக்காவிட்டாலும், ‘வரம்புக்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை, தடைசெய்த பொருளும் இல்லை’ என்று சொல்லிவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். தெரியாது, மறந்துவிட்டேன் என்பதெல்லாம் அதற்குப் பிறகு எடுபடாது. பெரும்பாலான நாடுகளில் வரம்பு மீறுவது குற்றம் அல்ல, அறிவித்து வரி கட்டிக் கொண்டுபோகலாம். மறைப்பதுதான் குற்றம். சிவப்பு வழி கடத்தல்காரர்களுக்கானது என்ற எண்ணம் எப்படியோ பரவிவிட்டது. கடத்துகிறவன் சிவப்பில் வருவதே இல்லை. சந்தேகம் இருந்தால் சிவப்பில் போய், “இது வரம்புக்குள் வருமா?” என்று கேளுங்கள். பல நேரம் பொருளைப் பார்த்துவிட்டு, “சரி, போங்கள்” என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டு வழி இல்லாத நாடுகளில் விமானத்தில் தரும் அட்டையோ, முன்கூட்டியே இணையத்தில் நிரப்பும் படிவமோ இருக்கும். அதிலும் இதே விதி.

விமானம் மாறும் இடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் பாட்டில் போவது பெரும்பாலும் அங்கேதான். 2006-லிருந்து 100 மில்லிக்கு மேல் திரவத்தைக் கைப்பையில் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. சில விமான நிலையங்கள் புதிய கருவிகளை வைத்துத் தளர்த்தியிருந்தாலும் நீங்கள் மாறும் இடமும் அப்படிப்பட்டது என்று நம்பி இறங்க வேண்டாம். டூட்டி ஃப்ரீ கடையில் பாட்டிலை ஒரு ஒளிபுகும் பையில் போட்டு ஒட்டி, ரசீதையும் உள்ளேயே வெளியில் தெரியும்படி வைத்துத் தருவார்கள். ஓரத்தில் சிவப்புப் பட்டை இருக்கும். கடைசி ஊர் வரும்வரை அந்தப் பையைப் பிரிக்கவே கூடாது. ஒரு முறை நான் பயணியாகப் போனபோது, எனக்கு முன்னால் நின்ற அம்மா ரசீதைச் சரிபார்க்க வேண்டும் என்று பையின் வாயைக் கிழித்துவிட்டார். அடுத்த பாதுகாப்புச் சோதனையில் மூன்று பாட்டில்களும் குப்பைத் தொட்டிக்குப் போயின. பணம் கட்டிய ரசீது கையில், பாட்டில் தொட்டியில். ஆகவே வாங்குவதானால் கடைசியாக விமானம் ஏறும் இடத்தில் வாங்குங்கள். சில நாடுகளில் வந்திறங்கும் பகுதியிலேயே டூட்டி ஃப்ரீ கடை உண்டு, அது இன்னும் வசதி. அதுவும் உங்கள் வரம்புக்குள்தான் எண்ணப்படும்.

அமெரிக்கா வழியாகப் போவதென்றால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: பெரும்பாலும் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டிகளை எடுத்துக்கொண்டு சுங்கச் சோதனையைக் கடக்க வேண்டும், பிறகுதான் உள்நாட்டு விமானம். கையிலிருக்கும் பாட்டிலை அங்கேயே பெட்டிக்குள் மாற்றிவிடுங்கள்.

வரியோடு சம்பந்தமில்லாத சில விஷயங்களும் அதே மேசையில் பார்க்கப்படும். அவற்றில் ஒன்று ரொக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோவோ அதற்கு மேலோ இருந்தால், அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல் இருந்தால் அறிவிக்க வேண்டும், அதற்கு வரி கிடையாது. 2021 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் தங்கக் காசும் தங்கக் கட்டியும் ரொக்கமாகவே எண்ணப்படுகின்றன. மின் சிகரெட்டைச் சிங்கப்பூரும் தாய்லாந்தும் உள்ளே விடாது. இறைச்சி, பால் பொருட்கள், விதை, செடி ஆகியவற்றில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மிகக் கண்டிப்பு. ஒரே ஒரு ஆப்பிளை அறிவிக்காமல் விட்டால்கூட நியூசிலாந்தில் உடனடி அபராதம் 400 டாலர். மருந்துகளை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் எடுத்துப் போங்கள். சாதாரண சளி மருந்துகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோகவே முடியாது.

கேமராவைப் பற்றிய பயம் நியாயமானது, தீர்வும் எளிது. உபயோகத்தில் இருக்கும் சொந்தப் பொருளைப் போகும் நாடு வரியில்லாமல் உள்ளே விடும், நீங்கள் அதைத் திரும்ப எடுத்துச் செல்வீர்கள் என்பதால். அங்கேயே விற்றாலோ அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்தாலோ அந்தச் சலுகை போய்விடும். சிக்கல் திரும்பி வரும்போதுதான்: இதை வெளிநாட்டில் வாங்கவில்லை என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். புறப்படும் அன்று, பெட்டிகளை ஒப்படைப்பதற்கு முன், விமான நிலையச் சுங்க அலுவலகத்தில் கேமராவைக் காட்டி வரிசை எண்ணைப் பதிவு செய்து சான்று வாங்கிக்கொள்ளலாம். பல நாடுகளில் இதற்கென்று படிவமே உண்டு, வரியோ கட்டணமோ பெரிதாக இருக்காது. கூட்டத்தில் நேரம் ஆகும், அரை மணி முன்னதாகப் போங்கள். பழைய பில், காப்பீட்டுத் தாள், பழுது பார்த்த ரசீது எதுவானாலும் உதவும். கேமராவின் உடலுக்கு ஒரு எண், லென்ஸுக்குத் தனி எண் என்று இருக்கும். லென்ஸைப் பதிவு செய்ய மறந்துவிட்டு வருகிறவர்கள் அதிகம். வேலைக்காக நிறையக் கருவிகள் கொண்டுபோகிறவர்களுக்கு, அவற்றைத் தற்காலிகமாக வரியில்லாமல் கொண்டுபோய்த் திரும்ப, ஏடிஏ கார்னெட் என்ற ஆவணம் இருக்கிறது, ஓர் ஆண்டு வரை செல்லும். ஒரு கேமராவுக்கு அது தேவையில்லை.

நாட்டின் பெயர் உங்களுக்குத் தெரியும், அந்நாட்டுச் சுங்கத் துறையின் தளத்திலேயே பயணிகளுக்கான பக்கத்தைப் படியுங்கள். பயண முகவரின் தாளையோ ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய அனுபவத்தையோ நம்பாதீர்கள். சுவிட்சர்லாந்து 300 பிராங்காக இருந்த வரம்பை 2025 ஜனவரி முதல் 150 ஆகக் குறைத்துவிட்டது, பலர் இன்னும் 300 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். படித்த பிறகும் கடிகாரத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் நாட்டின் பெயரையும் கடிகாரத்தின் விலையையும் எனக்கு எழுதுங்கள்.